எனிக்மா கவசமும் வேலை போன சோர்சரஸும்: சேலத்துக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆன்லைன் விளையாட்டில் ஒரு பொருள் ரொம்ப ஓவர் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு நேராக எண்களில் போய் நிற்கும். எவ்வளவு டேமேஜ், எத்தனை சதவீதம், அடுத்த பேட்ச்சில் எவ்வளவு குறைப்பார்கள் என்று. இங்கே பார்க்கப்போகும் பொருள் தன்பாட்டுக்கு ஒரு எதிரியைக்கூட அடிக்காது. உடம்பில் மாட்டிக்கொள்ளும் கவசம், அவ்வளவுதான். அது சேலத்தில் ஏழு பேர் ஆடிய ஒரு டயாப்லோ 2 (அரக்கர்களை அடித்துப் பொருள் சேர்க்கும் விளையாட்டு) குழுவில் ஒருவரை ஓரங்கட்டியது, ஒருவரைத் தூக்கி நிறுத்தியது, கடைசியில் ஒருவரைக் குழுவைவிட்டே கிளப்பியது. நடந்ததை டிஸ்கார்டு அரட்டையைப் பின்னோக்கிப் புரட்டியும், ஆட்களிடம் கேட்டும் எழுதியிருக்கிறேன். நானும் அந்த ஏழில் ஒருவன், அதனால் நடுநிலை என்று மார்தட்டிக்கொள்ள முடியாது.

ஆட்கள்

டயாப்லோ 2 வந்தது 2000 ஜூனில். அடுத்த வருடமே அதன் கூடுதல் தொகுப்பு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன். எங்களில் பாதிப் பேர் அதை ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவர்கள். 2021 செப்டம்பரில் அதே விளையாட்டைப் புதுப்பித்து 'ரிசரக்டட்' என்று விட்டபோது, பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து டிஸ்கார்டில் சேர்த்தோம். அதற்குள் எல்லோருக்கும் குடும்பம், இ.எம்.ஐ., முதுகுவலி. பிள்ளைகள் தூங்கின பிறகுதான் ஆட்டம்.

பெயர்கள் வேண்டாம். குழுவில் கூப்பிடுகிறபடி ஊர்ப் பெயரே போதும். அஸ்தம்பட்டி அக்கா ஆடும் கேரக்டர் சோர்சரஸ், அதாவது மந்திரக்காரி. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், குழுவில் மூத்தவர், அவர் பாலடின். சூரமங்கலத்துக்காரர் ரயில்வேயில் ஷிப்ட் பார்க்கிறார், பார்பேரியன். ஏற்காட்டுத் தம்பி காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர், நெக்ரோமேன்சர். அம்மாப்பேட்டை மாப்ளை அமேசான். கருப்பூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் அசாசின். நான் ட்ரூயிட். அப்போது விளையாட்டில் இருந்தது ஏழு கேரக்டர்கள், நாங்களும் ஏழு பேர். ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டது தற்செயல் இல்லை. "ஒரே மாதிரி ரெண்டு பேர் வேண்டாம்" என்று முதலிலேயே அக்கா சொல்லிவிட்டார்.

2023 பிப்ரவரியில் 2.6 பேட்ச்சோடு புது லாடர் சீசன் (எல்லோரும் புதிதாகத் தொடங்கும் பருவம்) திறந்தது. ஏற்காட்டில் காபிப் பழம் பறித்து முடிகிற நேரம், தம்பிக்கும் கை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினோம்.

எனிக்மா என்றால் என்ன

2003-இல் வந்த 1.10 பேட்ச் கொண்டுவந்த ரூன்வேர்டுகளில் ஒன்று. மூன்று துளை உள்ள மார்புக் கவசம் ஒன்றில் ஜா, இத், பெர் என்ற மூன்று ரூன்களை (எழுத்து பொறித்த கற்கள்) அந்த வரிசையிலேயே பதிக்க வேண்டும். மொத்தம் 33 ரூன்கள். இத் 6-ஆவது, தெருவில் கிடக்கும். பெர் 30, ஜா 31. இவை இரண்டும் தானாக விழுவதை நம்பி உட்கார்ந்தால் தாடி நரைத்துவிடும். அதனால் பண்டமாற்றுதான் வழி. போட்டுக்கொள்ள கேரக்டர் 65-ஆவது லெவல் தொட்டிருக்க வேண்டும்.

கிடைப்பது என்ன? எல்லாத் திறமைக்கும் 2 புள்ளி. ஓட்ட வேகம் 45 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு லெவலுக்கும் முக்கால் புள்ளி பலம், அதாவது 80-ஆவது லெவலில் 60. அரிய பொருள் விழும் வாய்ப்பு லெவலுக்கு ஒரு சதவீதம். இதெல்லாம் நல்ல சரக்குதான், ஆனால் இதற்காக யாரும் பெர்ரையும் ஜாவையும் செலவழிக்க மாட்டார்கள். செலவழிப்பது ஒரே ஒரு வரிக்காக: போட்டிருப்பவருக்கு டெலிபோர்ட் வரும்.

டெலிபோர்ட் சோர்சரஸின் சொத்து. 18-ஆவது லெவலில் அவளுக்குக் கிடைக்கும். சுவர், பள்ளம், அரக்கர் கூட்டம் எதுவும் தடையில்லை, கிளிக் செய்த இடத்தில் நிற்பாள். அவள் உடம்பில் உயிர் குறைவு, அடி வாங்கினால் தாங்க மாட்டாள். அந்தக் குறைக்கு ஈடாகத்தான் இந்தத் தாவல்.

எனிக்மா வருமுன்

அந்த சீசனின் முதல் சில வாரங்களில் ஒரு பேல் ரன் (கடைசி அரக்கன் பேலைக் கொல்லப் போகும் ஓட்டம்) எப்படி நடந்தது என்று சொன்னால்தான் பின்னால் போனது என்ன என்று தெரியும்.

எல்லோரும் ஹாரகாத் ஊரில், பெட்டி பக்கத்தில் நிற்போம். அக்கா மட்டும் வேர்ல்ட்ஸ்டோன் கீப் இரண்டாம் தளத்து வேபாயிண்டுக்கு (ஊரிலிருந்து நேராகப் போய் இறங்கும் இடம்) போவார். அங்கிருந்து மூன்றாம் தளத்துப் படிக்கட்டு, அப்புறம் சிம்மாசன அறைப் படிக்கட்டு, இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரைபடம் மாறும். டிஸ்கார்டில் அக்காவின் குரல் மட்டும் கேட்கும். "இந்தப் பக்கம் முட்டுது. மேல போறேன். ஐயோ, சோல்ஸ் நிக்குது, சுத்திப் போறேன். இருங்க இருங்க... படி கிடைச்சுருச்சு." மின்னல் எறியும் அந்த சோல்களிடம் ஒரு நொடி அதிகம் நின்றால் சோர்சரஸ் காலி. நாங்கள் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்போம். "டிபி போட்டாச்சு, வாங்க" என்றதும், டிபி, அதாவது டவுன் போர்ட்டல் என்ற நீலக் கதவு வழியாக மிச்சம் ஆறு பேரும் உள்ளே. சூரமங்கலத்துக்காரர் பேட்டில் ஆர்டர்ஸ் கத்துவார், எல்லோர் உயிரும் மளமளவென்று ஏறும். அதற்குப் பிறகுதான் சண்டை.

சண்டையில் அக்காவின் பங்கு பெரிதில்லை. ஆள் ஒன்று கூடக்கூட அரக்கர்களின் உயிர் பாதி பாதியாகக் கூடும், ஏழு பேர் இருந்தால் 4 மடங்கு. அவ்வளவு உயிரைக் கரைக்க அவருடைய பிளிஸார்ட் என்ற பனி மந்திரத்தால் ஆகாது. பாலடினின் சுத்தியல்தான் கரைக்கும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. அக்கா இல்லாத ராத்திரி பேல் ரன்னே கிடையாது, விளையாட்டில் வரும் மாட்டு அரக்கர் மந்தையை அடித்துவிட்டுத் தூங்கப் போவோம்.

முதல் கவசம்

செவ்வாய்ப்பேட்டை அண்ணன்தான் முதலில் செய்தார். வியாபாரக் கை. மற்றவர்கள் ரூனைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்சும்போது அவர் விற்று வாங்கி விற்று, ஒரு நாள் மேஜ் பிளேட் என்ற கவசத்தில் மூன்றையும் பதித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டார். குழுவே கொண்டாடியது, அக்காவும்தான்.

அன்று ராத்திரி அக்கா வழக்கம்போல வேபாயிண்ட் பக்கம் நகர்ந்தார். அண்ணன் குரல்: "அம்மிணி, நீங்க இருங்க. நானே போட்டுடறேன்." போட்டும்விட்டார், சீக்கிரமாகவே. சோல்கள் அடித்தால் சோர்சரஸ் சாவாள், பாலடினுக்கு உறைக்காது, அதனால் அவர் சுற்றிப் போகவே தேவையில்லை. நேராகத் தாவினார்.

அரட்டையில் 'டிபி' என்று யார் எப்போது போட்டார்கள் என்று பின்னால் பார்த்தேன். அந்த ராத்திரிக்கு முன்பு எல்லாமே அக்கா. அடுத்த சில வாரங்களில் இருவர் பெயரும் கலந்து வருகிறது. ஏற்காட்டுத் தம்பியும் சூரமங்கலத்துக்காரரும் கவசம் செய்த பிறகு அக்கா பெயர் அங்கொன்று இங்கொன்று. சீசன் கடைசியில் இல்லவே இல்லை. யாரும் அவரைப் போகாதே என்று சொல்லவில்லை. ஊரில் ஏழு பேர் நிற்கிறார்கள், நாலு பேருக்குத் தாவத் தெரியும், அவசரக்காரர் முந்திக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அக்கா சண்டை போடவில்லை, புகாரும் சொல்லவில்லை. வருவது குறைந்தது. கேட்டால் "பையனுக்குப் பரீட்சை" என்றார். ரொம்ப நாள் கழித்து ஏற்காட்டில் சந்தித்தபோது கேட்டதற்கு இப்படிச் சொன்னார்: "நான் வந்தாலும் ரன் ஓடுது, வராட்டியும் ஓடுது. அப்ப எதுக்கு ராத்திரி கண்ணு முழிக்கணும்?"

காகிதத்தில் எல்லாம் சரிதான்

எனிக்மாவுக்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் கணக்கு தப்பில்லை. சோர்சரஸுக்கு டெலிபோர்ட் சும்மா கிடைக்கிறது, மற்றவர்கள் பெர்ரும் ஜாவும் கொடுத்து வாங்குகிறார்கள். மார்புக் கவசத்தின் இடத்தையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறார்கள். சோர்சரஸ் அந்த இடத்தில் ஸ்கின் ஆஃப் த வைப்பர்மேஜை என்ற வேறு கவசத்தைப் போட்டுக்கொண்டு மிச்சம் பிடிக்கலாம். ஆகவே சமநிலை. அண்ணனின் வாதம் இதுவேதான்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பது விலை என்ற இடத்தில். டோட்டா மாதிரி விளையாட்டில் விலை உண்மையான கடிவாளம், ஏனென்றால் ஒவ்வொரு மேட்ச்சிலும் தங்கத்தைப் புதிதாகச் சம்பாதித்து வாங்க வேண்டும். லாடரில் ஒரு தடவை கொடுத்தால் போதும், மாதக்கணக்கில் அனுபவிக்கலாம். விலை ஒரு ஆள் அந்தப் பொருளை எப்போது அடைகிறார் என்பதைத் தள்ளிப்போடுகிறது. அடைந்த பிறகு நடக்கும் ஆட்டத்தில் அதற்கு எந்தப் பேச்சும் இல்லை. அரிதான பொருளாக வைத்தால் கெட்டுப்போகாது என்று விளையாட்டு செய்கிறவர்கள் நினைப்பதும் இதே வகை. நாள் ஆனால் எல்லோரிடமும் வந்துவிடும்.

இன்னொன்று, பலவீனமும் கேரக்டரின் முகம்தான். சுத்தியல் பாலடின் பயங்கரமாக அடிப்பான், அடியும் தாங்குவான், ஆனால் ஆமை. அவன் எறியும் சுத்தியல் அவனைச் சுற்றிச் சுழன்று விரியும், ஆகவே கூட்டத்தின் நடுவில் போய் நின்றால்தான் முழுப் பலன். அங்கே போய்ச் சேர்வதுதான் அவனுக்குப் பாடு. எனிக்மா அந்தப் பாட்டைத் துடைத்துவிட்டது. குறை போனதும் அவன் கூடுதல் பலசாலி ஆனான், கூடவே வேறு யாரும் தேவைப்படாதவனாகவும் ஆனான்.

இதில் அதிகம் பேசப்படாத சேதம் ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் நகர ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். பாலடினுக்கு சார்ஜ், வேகமூட்டும் விகர். பார்பேரியனுக்கு லீப். அசாசினுக்கு பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீட், டிராகன் ஃப்ளைட். சூரமங்கலத்துக்காரர் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்து நடுக்கூட்டத்தில் 'தொம்'மென்று இறங்குவதைத் திரையில் பார்ப்பதே ஒரு சந்தோஷம். எனிக்மா போட்ட பிறகு அவர் லீப் பட்டனைத் தொடவே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி மறைந்து ஒரே மாதிரி தோன்றினோம்.

கடன் கொடுத்த திறமைகள், மூன்று விதம்

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. ஒரு கேரக்டரின் திறமையை எல்லோருக்கும் கடன் கொடுக்கும் ரூன்வேர்டு எனிக்மா மட்டும் இல்லை. கால் டு ஆர்ம்ஸ் பார்பேரியனின் பேட்டில் ஆர்டர்ஸைக் கொடுக்கிறது. இன்ஃபினிட்டி பாலடினின் கன்விக்‌ஷன் ஒளியைக் கொடுக்கிறது. மூன்றும் எங்கள் குழுவில் இருந்தன. ஆனால் சூரமங்கலத்துக்காரருக்குக் கத்துகிற வேலை போகவில்லை. ஏன்?

பேட்டில் ஆர்டர்ஸுக்கு அளவு உண்டு. முதல் நிலையில் உயிர் 35 சதவீதம் கூடும், அப்புறம் நிலைக்கு 3 சதவீதம். கால் டு ஆர்ம்ஸை வைத்துக் கத்துகிறவர் பதினோராம் நிலை எட்டினால் 65 சதவீதம். புள்ளிகளை அதிலேயே கொட்டின பார்பேரியன் முப்பதாம் நிலையில் கத்தினால் 122 சதவீதம். ஆகவே தனியாக ஆடும்போது எல்லோரும் கால் டு ஆர்ம்ஸை எடுத்துக் கத்துவோம். குழுவில் அவர் வந்துவிட்டால், "யாரும் கத்தாதீங்க, சூரமங்கலத்தார் கத்தட்டும்." நகல் இருப்பதே அசலின் மதிப்பை எடுத்துக் காட்டியது. இன்ஃபினிட்டியும் அப்படித்தான். அது தரும் கன்விக்‌ஷன் 12-ஆவது நிலை, எதிரியின் தடுப்பை 85 குறைக்கும். அதற்கென்றே வளர்த்த பாலடின் 150 வரை போவான்.

டெலிபோர்ட்டுக்கு அளவே கிடையாது. முதல் நிலையிலும் இருபதாம் நிலையிலும் தாவும் தூரம் ஒன்றே. புள்ளி போட்டால் மனா (மந்திரச் சக்தி) செலவு 24-இலிருந்து ஒவ்வொன்றாகக் குறையும், அவ்வளவுதான். மந்திர வேகத்தில் சோர்சரஸுக்கு ஒரு முன்னிலை இருக்கிறது: 105 சதவீத வேகத்தில் அவளுக்கு ஒரு தாவலுக்கு 8 ஃபிரேம், பாலடின் 125 சதவீதம் சேர்த்தாலும் 9. விளையாட்டு நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது, ஆக வித்தியாசம் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் 'இது என் வேலை' என்று சொல்ல முடியாது.

ஆக, அளவு உள்ள திறமையைக் குறைந்த நிலையில் கடன் கொடுத்தால் சொந்தக்காரருக்கு இடம் மிஞ்சும். உண்டு அல்லது இல்லை என்ற வகைத் திறமையைக் கடன் கொடுத்தால் நகலே அசல். பேட்ச்சில் எந்த எண்ணைக் குறைத்தாலும் இது சரியாகாது, குறைக்க எண்ணே இல்லையே. மிஞ்சுவது வழியை மோப்பம் பிடிக்கும் சாமர்த்தியம். அது அக்காவிடம் நிறைய உண்டு, ஆனால் அது ஆடுகிறவருடைய திறமை. நாளைக்கே அவர் எனிக்மா போட்ட பார்பேரியனை எடுத்தாலும் கூடவே வரும். சோர்சரஸ் என்ற கேரக்டருக்கு அதில் பங்கில்லை.

ஏற்காட்டில் மட்டும் நேர்மாறு

எனிக்மாவை ஒட்டுமொத்தமாகத் திட்டவிடாமல் என்னைத் தடுப்பது ஏற்காட்டுத் தம்பியின் நெக்ரோமேன்சர்.

எலும்புப் படையை எழுப்பி நடத்திக்கொண்டு போவது அவன் பிழைப்பு. ஹெல் என்ற மிகக் கடினமான நிலையில், குறுகலான தாழ்வாரங்களில், அந்தப் படை வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் இருக்கும் இரண்டு எலும்புக்கூடு அடிக்கும், பின்னால் இருக்கும் பத்து வேடிக்கை பார்க்கும். தம்பி டெலிபோர்ட் செய்தால் படை முழுதும் அவரோடு வந்து, அவர் நிற்கும் இடத்தில் குவியும். பேலின் தலைமேலேயே படையைக் கொட்டலாம். கவசம் வந்த அன்றுதான் அவர் முதல் தடவையாகப் படைத் தளபதி மாதிரி ஆடினார். வேறு யாருடைய தோலையும் அவர் போர்த்திக்கொள்ளவில்லை. தன் கேரக்டர் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி ஆனார்.

ஒரே ஒரு சிக்கல், மலையில் இடி இடித்தால் இன்டர்நெட் தள்ளாடும். சேலத்தில் வெயில் கொளுத்தும் நேரத்தில் மேலே மழை. தாவிய பிறகு திரை உறைந்து, தெளியும்போது பிணமாகக் கிடப்பார். "தம்பி, கரண்ட் போச்சா?" என்று கேட்டால் பதில் வாட்ஸாப்பில் வரும்.

அதே சீசனில் கருப்பூர்ப் பையன் கதையும் இதே பக்கம் சேரும். 2.6 பேட்ச் கொண்டுவந்த மொசைக் என்ற ரூன்வேர்டு மூன்று துளை நகங்களில் மட்டுமே பதியும், அதாவது அசாசினுக்கு மட்டும். மால், குல், ஆம்ன். அசாசின் தற்காப்புக் கலையில் அடி அடியாகச் சக்தி சேர்த்து, கடைசி உதையில் எல்லாவற்றையும் செலவழிப்பாள். மறுபடி சேர்க்க வேண்டும். மொசைக் போட்டால் செலவாகாமல் தங்க 50 சதவீத வாய்ப்பு, இரண்டு கையிலும் போட்டால் 100. ஆக ஒவ்வொரு உதையும் முழு உதை. பையன் போகும் பாதையில் தீ, மின்னல், பனி எல்லாம் ஒன்றாக வெடித்தது, எங்களுக்கு அடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. எண் கணக்கில் பார்த்தால் எனிக்மாவைவிட இது பத்து மடங்கு அநியாயம். அம்மாப்பேட்டை மாப்ளை வாய்விட்டே திட்டினார், "டேய், நாங்க என்ன உனக்குச் சாமான் பொறுக்கவா வந்தோம்?" ஆனால் மாப்ளை அமேசானை விடவில்லை. பையன் இல்லாத ராத்திரிகளில் அமேசான் அமேசானாகவே இருந்தது. அவன் இருக்கும் ராத்திரிகளிலும் "கொஞ்சம் பின்னால நில்லுடா" என்று சொன்னால் சரியாகிவிடும் கோளாறு. இருபது வருடமாக யாரும் பெரிதாகச் சீண்டாத அசாசினின் உதைக் கலைக்கு அது உயிர் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பரில் 2.5 பேட்ச்சோடு வந்த சண்டர் சார்ம்கள் (பையில் வைத்திருந்தாலே பலன் தரும் சிறு பொருள்கள்) எனிக்மா பக்கத்துச் சரக்கு. ஹெல் நிலையில் பனிக்கு அசையாத அரக்கன் வந்தால் பனிக்காரர் நெருப்புக்காரரைக் கூப்பிட வேண்டும். சார்ம் பையில் இருந்தால் அந்த அசையாமை உடையும், கூப்பிட வேண்டியதில்லை. தனியாக ஆடுகிறவருக்கு வரம். குழுவுக்கு, கூப்பிடக் காரணம் ஒன்று குறைந்தது.

மற்ற விளையாட்டுகள் செய்தது

இதே தாவலை டோட்டா 2 எல்லோருக்கும் விற்கிறது. பிளிங்க் டாகர், 2250 தங்கம். பிறவியிலேயே தாவத் தெரிந்த ஆன்டி-மேஜும் குவீன் ஆஃப் பெயினும் அதே விளையாட்டில்தான் இருக்கிறார்கள், யாரும் அவர்களை வேலையைவிட்டு அனுப்பவில்லை. டாகரை ஒரு தடவை பயன்படுத்தினால் 15 விநாடி காத்திருக்க வேண்டும், எதிரி ஹீரோவிடம் அடி வாங்கினால் 3 விநாடிக்கு வேலை செய்யாது. அடி வாங்கிக்கொண்டே தாவுவது பிறவித் தாவலர்களுக்கு மட்டும். கடன் கொடுத்தாலும் சொந்தக்காரர் கையில் ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதே டோட்டாவில் அகானிம்ஸ் செப்டர் இன்னும் அழகு: கடையில் ஒரே பொருள், வாங்குகிற ஹீரோவுக்கு ஹீரோ வேறு வேறு பலன்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. ஒரு ஆள் ஒரே ஒரு மிதிக் பொருள் என்று 2020 நவம்பரில் கொண்டுவந்தார்கள், கேரக்டரின் ஆட்டமே அதைச் சுற்றி அமையட்டும் என்று. 2024 ஜனவரியில் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2016-இல் லீஜன் தொகுப்பில் 36 ஸ்பெக்குகளுக்கும் (கேரக்டர்களின் உட்பிரிவுகள்) தனித்தனி ஆயுதம் கொடுத்தது. அருமையான யோசனை, ஆனால் அடுத்த தொகுப்பில் அந்த ஆயுதம் செத்தது. கேரக்டரின் பாதி குணம் ஆயுதத்தில் இருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

எங்கள் வைத்தியம்

சீசன் முடிந்ததும் எல்லோரும் வண்டியெடுத்து இருபது ஹேர்பின் வளைவும் ஏறி ஏற்காடு போனோம். தம்பியின் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் பேச்சு. கீழேயிருந்து தட்டுவடை செட்டுக்கு வேண்டிய சாமான் கட்டிக்கொண்டு போயிருந்தோம், பீட்ரூட் துருவுவது என் தலையில் விழுந்தது.

முதல் யோசனை என்னுடையது: குழுவாக ஆடும்போது எனிக்மா போடலாம், வழி தேடத் தாவக் கூடாது, சண்டை நடக்கும் இடத்தில் மட்டும். பாலடினுக்கும் நெக்ரோவுக்கும் வேண்டியது கிடைக்கும், அக்காவுக்கு வேலை திரும்பும். அக்காவே அதை மறுத்தார். "எனக்காக நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதா? அது எனக்கு வேண்டாம். முடிஞ்சும் செய்யாம இருக்கறது வேற, முடியாம இருக்கறது வேற." அவர் சொன்னது சரிதான். விட்டுக்கொடுத்து ஒருவருக்குக் கொடுக்கும் வேலையில் கௌரவம் இல்லை.

இரண்டாவது, யாருமே எனிக்மா செய்யாமல் ஒரு சீசன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். அப்போது அவர் சொன்னது குறிக்கத் தக்கது: "பட்டறைல பத்த வைக்கறவன் வேற, மெருகு போடறவன் வேற, எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தனே ரெண்டும் கத்துக்கிட்டா வேண்டாம்னு சொல்லுவமா?"

அந்த சீசனில் லீப் திரும்பியது. அண்ணன் விகர் போட்டு எல்லோரையும் ஓடவிட்டார். அக்கா வாரத்தில் பெரும்பாலான ராத்திரி வந்தார், 'டிபி' வரிசையில் அவர் பெயர் மறுபடி நிறைந்தது. பெர் ரூன்கள் இன்ஃபினிட்டிக்குப் போயின. ஆனால் ஆட்டம் மெதுவானது என்பது உண்மை. அக்கா வராத ராத்திரி பழையபடி மாட்டு மந்தைதான். பாதி சீசனில் அண்ணன் முகம் தெரியாதவர்களோடு வேறு ஆட்டங்களில் சேர ஆரம்பித்தார், அங்கே எனிக்மாவும் செய்துகொண்டார். மனஸ்தாபம் எதுவும் இல்லை, எங்களோடு ஆட நேரம் கிடைக்கவில்லை என்றார். தன் பலத்தில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னது அவருக்குக் கசந்தது என்பது என் அனுமானம்.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது ஏற்காட்டுத் தம்பி. விளையாட்டிலேயே இருந்த வழி, எனிக்மாவைவிடப் பழையது. சில தடிகளிலும் தாயத்துகளிலும் டெலிபோர்ட் எண்ணிக்கையோடு வரும். இத்தனை தடவை தாவலாம், தீர்ந்தால் ஊரில் கடைக்காரரிடம் தங்கம் கொடுத்து மறுபடி நிரப்ப வேண்டும், விலை கொள்ளை. நஜ்'ஸ் பஸ்லர் என்ற தடியில் 69 தாவல். ஆனால் அதைக் கையில் பிடித்திருக்கும் நேரம் சொந்த ஆயுதம் கையில் இருக்காது. தம்பி அதை மாற்றுக் கையில் வைத்துக்கொண்டு, படை மாட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் எடுத்து இரண்டு தாவல் தாவி, திரும்ப மந்திரக்கோலுக்கு மாறினார். வழி தேடி வீணாக்கக் கட்டுப்படியாகாது. யாரும் விதி போடவில்லை, செலவே விதி போட்டது.

இப்போது குழுவில் பின் செய்து வைத்திருப்பது ஒரே வரி: தாவல் எண்ணிக்கையில் மட்டும். சூரமங்கலத்துக்காரர் தாயத்தில் கொஞ்சம் வைத்திருக்கிறார், அக்கா வராத ராத்திரிக்கு. அன்றைக்கு வழி தப்பினால் எண்ணிக்கை தீர்ந்து நடுவழியில் நிற்பார், நாங்கள் ஊரில் நின்று அக்காவுக்கு வாட்ஸாப் அனுப்புவோம். ஒரு தடவை அவர் பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு வந்து திட்டிக்கொண்டே டிபி போட்டார்.

அண்ணன் மட்டும் திரும்பவில்லை. அடுத்த லாடருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அமேசானாக, ஏற்கெனவே அமேசான் வைத்திருக்கும் மாப்ளையிடம் இன்னும் கேட்கவில்லை.